எரிசாராயமும் அது தங்கும் கலமும்

புளி கரைத்த குழம்பை ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் வைக்கலாகாது என்பதை நம் வீட்டுப் பெண்மணிகள் ரசாயன நூல்களைப் படித்து அறிந்துகொண்டவர்கள் அல்லர். ஊறுகாயைப் பீங்கான் ஜாடியில் போட்டு வைப்பதும், பித்தளைப் பாத்திரங்களுக்கு அவ்வப்போது ஈயம் பூசுவதும் தலைமுறை தலைமுறையாக வந்த அனுபவத்தின் பயன். புளியும் நல்ல பொருள்தான். பித்தளையும் நல்ல உலோகந்தான். ஆயினும் இரண்டும் சேரும்போது களிம்பு ஏறி, உண்பவருக்குக் கேடு விளைகிறது. எந்தப் பொருளை எந்தக் கலத்தில் வைப்பது என்னும் இந்த எளிய பாடத்தையே மோட்டார் வண்டி உலகம், ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக, பெரும் பொருட்செலவில் திரும்பத் திரும்பக் கற்று வந்திருக்கிறது.

எத்தனால் என்று இன்று பத்திரிகைகளில் அடிபடும் பெயர் நமக்குப் புதியதன்று. முன்னர் இதனை எரிசாராயம் என்றும், எதில் ஆல்கஹால் என்றும் வழங்கினோம். இதன் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கரும்புத் தோட்டத்திலிருந்து தொடங்குவர். சர்க்கரை ஆலை, பெட்ரோல் விலை, அரசாங்கச் சட்டம் ஆகியவற்றின் வழியே அதனைச் சொல்லி முடிப்பர். அவை யாவும் இன்றியமையாதவையே. ஆனால் வண்டியின் எரிபொருள் தொட்டி, அதனின்று செல்லும் குழாய், குழாய் முனையிலுள்ள ரப்பர் வளையம், கார்புரேட்டருக்குள் மிதக்கும் சிறு மிதவை ஆகிய இவை சொல்லும் வரலாறு ஒன்று உண்டு. எரிசாராயம் ஒரு நாட்டில் நிலைபெற்றதற்கும், மற்றொரு நாட்டில் ஐயத்துக்கு இடமானதற்கும் உள்ள காரணத்தில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. அந்த வரலாற்றையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

முதலில் இரு திரவங்களின் இயல்பையும் சற்றே அறிந்துகொள்ளுதல் நலம். பெட்ரோல் எண்ணெய் இனத்தைச் சேர்ந்தது. அது நீரோடு சேராது. மின்சாரத்தைக் கடத்தாது என்றே சொல்லலாம். இரும்பு, பித்தளை, துத்தநாகம், காரீயம் முதலிய உலோகங்களோடு அதற்குப் பெரிய பகை கிடையாது. ஆகவே மோட்டார் வண்டி செய்தோர் தொடக்க காலத்தில் தம் கைக்கு எளிதில் கிடைத்த பொருள்களையே கையாண்டனர். தொட்டிக்கு, காரீயமும் வெள்ளீயமும் கலந்து பூசிய இரும்புத் தகடு; குழாய்க்குச் செம்பு; கார்புரேட்டருக்குத் துத்தநாகக் கலப்புலோக வார்ப்பு; அதன் துளைகளுக்குப் பித்தளை; மிதவைக்குத் தக்கை; கசிவைத் தடுக்கத் தோலும் தக்கையும். மரத்தினின்று எடுக்கும் இயற்கை ரப்பர் மட்டும் பெட்ரோலில் ஊறி உப்பிப்போகும். 1930-களில் செயற்கை ரப்பர் வகைகள் தோன்றியபின் அந்தக் குறையும் நீங்கிற்று. அவற்றுள் நைட்ரைல் ரப்பர் என்பது பெட்ரோல் குழாய்களுக்கு ஏற்ற பொருளாக நிலைபெற்றது.

ஆல்கஹாலின் குணம் வேறு. அது நீரின் தோழன். காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். சிறிதளவு மின்சாரத்தையும் கடத்தும். இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டவாறு அத்தகைய திரவத்தில் நனைந்திருந்தால், அங்கே ஒரு சிறு மின்கலம் உண்டாகி, இரண்டில் ஒன்று மெல்ல அரிக்கப்படும். ஆல்கஹால் நாட்பட்டுப் புளித்தால் காடியின் அமிலம் உண்டாகும். அதுவும் உலோகத்தை அரிக்கும். மேலும், பெட்ரோலில் கரையாத சில பொருள்கள் ஆல்கஹாலில் கரைந்துவிடும். இதற்கு நல்ல சான்று அரக்கு. நம் தச்சர்கள் அரக்கைச் சாராயத்தில் கரைத்து மரச்சாமான்களுக்கு மெருகு பூசுவதை நாம் அறிவோம். பழைய வண்டிகளில் தக்கை மிதவை பெட்ரோலை உறிஞ்சாதிருக்கும்பொருட்டு அதன்மேல் அரக்கைப் பூசியிருந்தனர். பெட்ரோலில் அந்தப் பூச்சு பல்லாண்டு நிற்கும். ஆல்கஹால் கலந்த எரிபொருளிலோ அது கரையும். தக்கை ஊறிக் கனத்து மூழ்கும். கரைந்த அரக்கு நுண்ணிய துளைகளிற் போய்ப் படியும். எரிபொருளில் பிழையில்லை, இயந்திரத்திலும் பிழையில்லை, இடையிலிருந்த மெருகுப் பூச்சு ஒன்றினால் வண்டி நின்றுவிடும்.

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் ஆல்கஹாலும் பெட்ரோலும் சமமான போட்டியாளர்களாகவே இருந்தன. ஐரோப்பாவில் உருளைக்கிழங்கிலிருந்தும் பீட்ரூட்டிலிருந்தும் ஆல்கஹால் வடித்தனர். 1902-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில், ஆல்கஹாலைக் கொண்டு இயங்கும் வண்டிகள், பண்ணை இயந்திரங்கள், விளக்குகள், அடுப்புகள் ஆகியவற்றுக்கென்றே ஒரு பொருட்காட்சி நடைபெற்றது. அமெரிக்க ஐக்கிய நாடு 1906-ஆம் ஆண்டில் தொழிலுக்குப் பயன்படும் ஆல்கஹாலின்மீது இருந்த வரியை நீக்கிற்று. ஆயினும் எண்ணெய்க் கிணறுகள் பெருகப் பெருக, பெட்ரோல் மலிந்தது. உலகெங்கும் வண்டிகள் பெட்ரோலையே கருதிச் செய்யப்பட்டன. அந்தக் காலத்தில் செய்துகொண்ட தேர்வுகளே, அதாவது காரீயப் பூச்சு, துத்தநாக வார்ப்பு, நைட்ரைல் ரப்பர் என்பவையே, பிற்காலத்தில் ஆல்கஹால் மீண்டும் வந்து கதவைத் தட்டியபோது அதற்குத் தடையாக நின்றன.

நம் நாட்டில் எரிசாராயம் பற்றிய எண்ணம் பிறந்தது சர்க்கரை ஆலைகளின் கழிவினால். 1932-ஆம் ஆண்டில் சர்க்கரைத் தொழிலுக்குச் சட்டவழிப் பாதுகாப்புக் கிடைத்தது. சில ஆண்டுகளுக்குள் ஆலைகள் நூற்றுக்கு மேற்பட்டனவாகப் பெருகின. ஐக்கிய மாகாணத்திலும் பீகாரிலும் ஆலைகள் நெருங்கி எழுந்தன. சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் மொலாசஸ் என்னும் கழிவுப்பாகு விலைபோகாமல் குட்டைகளில் தேங்கி நாற்றமெடுத்தது. அதனைப் புளிக்கவைத்து வடித்தால் ஆல்கஹால் கிடைக்கும். ஆல்கஹாலைப் பெட்ரோலோடு கலந்து வண்டிகளை ஓட்டலாம் என்று அறிஞர் பலர் எடுத்துரைத்தனர். 1938-ஆம் ஆண்டில் இவ்விரு மாகாண அரசாங்கங்களும் கூட்டுக் குழு ஒன்றை நியமித்து இதனை ஆராய்ந்தன. 1940-ஆம் ஆண்டில் ஐக்கிய மாகாணத்தில் எரிசாராயச் சட்டம் பிறந்தது. 1942-ஆம் ஆண்டில் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெய் நின்றது. பெட்ரோல் பங்கீட்டுக்கு உட்பட்டது. வெளியிலிருந்து வரும் எண்ணெயை மட்டும் நம்பியிருத்தல் எத்தகைய ஆபத்து என்பது அப்போது கண்கூடாயிற்று.

சுதந்திரம் பெற்ற மறு ஆண்டில், அதாவது 1948-ஆம் ஆண்டில், இந்திய எரிசாராயச் சட்டம் நிறைவேறியது. பெட்ரோலோடு நூற்றுக்கு 5 பங்குக்குக் குறையாமலும் 25 பங்குக்கு மேற்படாமலும் எரிசாராயத்தைக் கலக்க அது வழிவகுத்தது. எரிசாராயம் என்பது இன்னது என்று அச்சட்டம் வகுத்த இலக்கணத்தில் ஓர் எண் காணப்படுகிறது. நூற்றுக்கு 99.5 பங்குக்குக் குறையாமல் அது ஆல்கஹாலாக இருத்தல் வேண்டும் என்பதே அது. கலத்தைப் பற்றிய கவலை சட்டத்தில் வெளிப்படும் இடம் இந்த எண் ஒன்றுதான். ஆகவே இதனைச் சற்று நின்று நோக்குவோம்.

ஆல்கஹாலை எத்துணை முறை சாதாரணமாக வாலையில் வடித்தாலும், எடையில் நூற்றுக்கு 95.6 பங்கு என்னும் அளவைத் தாண்டிச் செறிவூட்ட முடியாது. எஞ்சிய நீர் ஆல்கஹாலோடு சேர்ந்தே ஆவியாகிச் சேர்ந்தே குளிரும். 1902-ஆம் ஆண்டில் சிட்னி யங் என்னும் ஆங்கில ரசாயன அறிஞர் பென்ஸீனைச் சேர்த்து வடித்து அந்த நீரையும் பிரிக்கும் வழியைக் கண்டார். இக்காலத்தில் நீரை மட்டும் பற்றிக்கொள்ளும் நுண்துளைப் படிகங்களைக் கொண்டு அதனைச் செய்கின்றனர். இவ்வளவு பாடுபட்டு அந்தச் சிறு நீரை ஏன் நீக்கவேண்டும்? பெட்ரோலும் ஆல்கஹாலும் கலந்த கலவையில் நீர் ஓர் அளவுக்குமேல் புகுந்தால், ஆல்கஹால் தன் பழைய தோழனாகிய நீரோடு சேர்ந்துகொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்துவிடும். நூற்றுக்கு 10 பங்கு ஆல்கஹால் கலந்த பெட்ரோல், 15 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலையில், லிட்டருக்கு ஏறக்குறைய 5 மில்லிலிட்டர் நீரைத்தான் தாங்கும். அதற்குமேற்பட்டால் தொட்டியின் அடியில் நீரும் ஆல்கஹாலுமாக ஒரு படலம் தங்கும். இயந்திரத்துக்குச் செல்லும் குழாயின் வாய் இருப்பதும் அந்த அடித்தளத்தில்தான். வண்டி இடறும், தொட்டியின் அடித்தகடு துருப்பிடிக்கும். மழைக்காலம் நீண்டும், தெருவோரத்தில் வெயிலிலும் மழையிலும் வண்டிகள் நின்றும் பழகிய நம் நாட்டில் இது சிறிய செய்தியன்று.

1948-ஆம் ஆண்டுச் சட்டம் நெடுங்காலம் ஏட்டில் இருந்தது, வழக்கில் மங்கிற்று. அண்மையில் எழுந்த ரசாயனத் தொழிற்சாலைகள் ஆல்கஹாலைத் தம் மூலப்பொருளாக வாங்கிக்கொண்டன. பெட்ரோலும் தாராளமாகக் கிடைத்தது. 2000-ஆம் ஆண்டில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. ஆகவே, எந்தெந்த உறுப்பை எப்பொருளாற் செய்தால் ஆல்கஹாலைத் தாங்கும் என்னும் அனுபவத்தை நம் நாட்டு வண்டித் தொழில் அந்த அரை நூற்றாண்டில் பெரிதாகச் சேர்த்துக்கொள்ள வாய்ப்பில்லாமற் போயிற்று. அந்த அனுபவம் வேறொரு கரும்பு நாட்டில், பிரேஸிலில், விளைந்தது.

பிரேஸிலில் 1925-ஆம் ஆண்டிலேயே ரியோ டி ஜனீரோ நகரத்து அரசாங்க எரிபொருள் சோதனை நிலையத்தார் ஃபோர்டு கார் ஒன்றை ஆல்கஹாலில் ஓட்டிப் பார்த்தனர். இறக்குமதியாகும் பெட்ரோலில் நூற்றுக்கு 5 பங்கு ஆல்கஹால் கலக்கவேண்டும் என்று 1931-ஆம் ஆண்டில் ஆணை பிறந்தது. 1973-ஆம் ஆண்டில் உலகெங்கும் எண்ணெய் விலை ஏறியபோது, தன் தேவையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை வெளிநாடுகளிலிருந்து வாங்கிய அந்நாடு திக்குமுக்காடிற்று. 1975-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி புரோஆல்கூல் என்னும் தேசிய ஆல்கஹால் திட்டம் தொடங்கப்பெற்றது.

இத்திட்டத்தில் நாம் கவனிக்கத்தக்கது, ஆலைகளுக்குக் கடன் கொடுத்த அதே காலத்தில் ஆராய்ச்சிசாலையிலும் வேலை நடந்தது என்பதாகும். சாவோ ஜோசே தோஸ் காம்போஸ் என்னும் ஊரிலுள்ள விமானவியல் தொழில்நுட்ப நிலையத்தில், அர்பானோ எர்னெஸ்டோ ஸ்டும்ப் என்னும் பொறியியல் அறிஞரின் தலைமையில், ஆல்கஹாலுக்கு என்றே இயந்திரங்கள் திருத்தியமைக்கப்பட்டன. 1976-ஆம் ஆண்டில் மூன்று கார்கள் ஆல்கஹாலை மட்டும் கொண்டு அந்நாட்டின் பல மாநிலங்களையும் சுற்றி வந்தன. வண்டிக் கம்பெனிகளோடு உடன்பாடு ஏற்பட்டபின், 1979-ஆம் ஆண்டில், ஆல்கஹால் மட்டுமே குடிக்கும் ஃபியட் 147 கார் தொழிற்சாலையிலிருந்து விற்பனைக்கு வந்தது.

அங்கு இயந்திரத்துக்கு ஊற்றிய ஆல்கஹால், நீர் முற்றும் நீக்கியதன்று. எடையில் நூற்றுக்கு 7 பங்கு அளவில் நீர் கொண்டது. பெட்ரோல் கலவாததால் பிரிந்துபோகும் அச்சம் இல்லை. வடிக்கும் செலவும் குறைவு. ஆனால் உலோகங்களை அரிக்கும் ஆற்றல் மிகுதி. முதற்கண் அடிபட்டது துத்தநாகக் கலப்புலோகத்தால் வார்த்த கார்புரேட்டர். அதன் உட்புறம் அரிபட்டு, வெண்மையான பொடி படிந்து, துளைகள் அடைபட்டன. காரீயம் கலந்த பூச்சுடைய தொட்டிகளிலும் பூச்சு கரைந்தது. பெட்ரோலுக்கெனச் செய்த பழைய வண்டிகளைச் சிறு பட்டறைகளில் அவசர அவசரமாக ஆல்கஹாலுக்கு மாற்றிக்கொண்டவர்கள் மிகவும் இன்னலுற்றனர். 1981-ஆம் ஆண்டில் ஆல்கஹால் வண்டிகளின் விற்பனை சரிந்தது. அதற்கு விலையைப் பற்றிய அச்சத்தோடு இந்த அரிப்புத் தொல்லையும் குளிர்காலையில் இயந்திரம் கிளம்பாத தொல்லையும் காரணமாயின.

அவர்கள் கண்ட பரிகாரம் நமக்குப் பழகிய ஒன்றுதான். கார்புரேட்டருக்கு நிக்கல் முலாம் பூசினர். தொட்டியின் உட்புறத்துக்குக் காரீயம் கலவாத வெள்ளீயம் பூசினர். நம் தெருக்களில் ஈயம் பூசுகிறவர் பித்தளைப் பாத்திரத்துக்குச் செய்ததையே பிரேஸில் நாட்டுத் தொழிற்சாலை எரிபொருள் தொட்டிக்குச் செய்தது எனலாம். குழாய்களும் வளையங்களும் ஆல்கஹாலைத் தாங்கும் பொருள்களால் ஆக்கப்பட்டன. குளிர்வேளையில் இயந்திரத்தைக் கிளப்ப ஒரு சிறு பெட்ரோல் தொட்டியும் தனியே வைக்கப்பட்டது. தொழிற்சாலையிலேயே இவ்வாறு செய்து வந்த வண்டிகளை மக்கள் நம்பினர். 1980-களின் நடுவில் அங்கு விற்ற புதிய கார்களில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் ஆல்கஹால் கார்களாகவே இருந்தன. பின்னர் 1989-ஆம் ஆண்டில் ஆல்கஹாலுக்கே பஞ்சம் வந்தது. அதனால் அந்த வண்டிகள் செல்வாக்கிழந்தன; கலத்தின் குற்றத்தால் அன்று. 2003-ஆம் ஆண்டில், பெட்ரோல், ஆல்கஹால், இரண்டின் கலவை ஆகிய எதனையும் ஏற்கும் கோல் என்னும் காரை வோக்ஸ்வாகன் கம்பெனி அங்கு வெளியிட்டது. எந்த விகிதத்தில் ஊற்றினாலும் தாங்கும் உறுப்புகளைச் செய்யும் கலை அதற்குள் நன்கு முதிர்ந்திருந்ததே அதற்கு அடிப்படை. இன்று அந்நாட்டுச் சாதாரணப் பெட்ரோலில், 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல், நூற்றுக்கு 30 பங்கு எத்தனால் கலந்திருக்கிறது.

உலோகங்களின் நடத்தை சில வேளைகளில் நம் எதிர்பார்ப்புக்கு மாறாக இருக்கிறது. இரும்பை நோக்கினால் ஆல்கஹாலிலுள்ள நீரே பகை என்று தோன்றும். ஆனால் அலுமினியத்தின் கதை வேறு. அலுமினியத்தின்மீது இயற்கையாகவே மெல்லிய ஆக்ஸைடுப் போர்வை ஒன்று இருந்து அதனைக் காக்கிறது. சிறிதளவு நீர் இருந்தால் அப்போர்வை கிழிந்தாலும் மறுபடி உண்டாகும். நீரே இல்லாத ஆல்கஹால் மிகச் சூடேறும் இடத்தில் அலுமினியத்தைத் தொடுமானால், போர்வை கிழிந்த இடத்தில் உலோகத்தோடு நேரே வினைபுரிந்து அதனைத் தின்னத் தொடங்கும். ஆக, ஒரு வண்டியின் இரும்புத் தொட்டிக்கு நஞ்சாக இருக்கும் நீர், இயந்திரத்தின் அருகிலுள்ள அலுமினிய உறுப்புக்கு மருந்தாக இருக்கிறது. இதனாலேதான் ஒரே விதியை எல்லா உறுப்புக்கும் சொல்ல இயலவில்லை. வண்டிக்கு வெளியேயும் தொல்லைகள் உண்டு. ஆல்கஹாலைச் சேமித்து வைத்த எஃகுத் தொட்டிகளிலும் குழாய்களிலும், இழுவிசை தங்கிய பற்றுவைப்பு இடங்களில் வெடிப்புகள் தோன்றியதை அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் 2003-ஆம் ஆண்டு அறிக்கை ஒன்றில் ஆராய்ந்தது. ஆல்கஹாலில் கரைந்துள்ள பிராணவாயு அதற்குத் துணைபோவதாகக் கண்டனர்.

ரப்பரின் நடத்தை இதனினும் விந்தையானது. பெட்ரோலை மட்டும் தாங்கும் ரப்பரும் உண்டு. ஆல்கஹாலை மட்டும் தாங்கும் ரப்பரும் உண்டு. இரண்டையும் தனித்தனியே தாங்கும் ரப்பர் இரண்டின் கலவையையும் தாங்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் பல ரப்பர் வகைகள் தூய பெட்ரோலிலும் தூய ஆல்கஹாலிலும் உப்புவதைவிடக் கலவையிலேயே மிகுதியாக உப்புகின்றன. பெட்ரோல் ரப்பரின் ஒரு பகுதியைத் தளர்த்துகிறது. ஆல்கஹால் மற்றொரு பகுதியைத் தளர்த்துகிறது. இரண்டும் சேர்ந்து உட்புகுந்தால் ரப்பர் பருத்து மென்மையாகி வலிவிழக்கிறது. பிறகு உலர்ந்தால் சுருங்கி விறைத்து வெடிக்கிறது. இக்குறைக்கு மருந்தாக வந்தவை ஃப்ளூரின் என்னும் தனிமத்தைக் கொண்ட பொருள்கள். டெஃப்லான் என்று பிரசித்திபெற்ற பொருள் 1938-ஆம் ஆண்டில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஃப்ளூரின் கொண்ட ரப்பர் வகைகள் 1950-களின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்தன. விமானங்களின் தேவைக்காகப் பிறந்த அந்த ரப்பர், இன்று எத்தனாலைத் தாங்கும் வண்டிகளின் வளையங்களிலும் குழாய்களின் உட்பூச்சிலும் இடம்பெற்றிருக்கிறது. இதன் விலை நைட்ரைலைவிட மிகுதி. ஆயினும் ஒரு வண்டிக்கு வேண்டியது கைப்பிடியளவுக்கும் குறைவே.

அமெரிக்காவில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி, கலத்தை மறந்ததால் வரும் விளைவை நன்கு காட்டும். 2004-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூயார்க், கனெக்டிகட் மாநிலங்களில் பெட்ரோலில் முன்னர் சேர்த்து வந்த ஒரு ரசாயனம் தடைசெய்யப்பட்டு, அதற்குப் பதிலாக எத்தனால் சேர்க்கப்பட்டது. சாலையில் ஓடும் கார்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ஆனால் கடற்கரையில் பழைய மோட்டார் படகுகள் நின்றன. கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் பிசினும் கொண்டு செய்த அவற்றின் தொட்டிகளிலிருந்து பிசின் கரைந்து, இயந்திரத்துக்குள் கரிய கசடாகப் படிந்தது. பிற்காலத்தில், நூற்றுக்கு 15 பங்கு எத்தனாலை அனுமதிக்க முற்பட்டபோது, அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் எரிபொருளின் தரத்தோடு வண்டியின் வயதையும் கேட்டது. 2001-ஆம் ஆண்டு மாதிரியும் அதற்குப் பிற்பட்டவையுமான கார்களுக்கே 2010, 2011-ஆம் ஆண்டுகளில் அனுமதி தரப்பட்டது. மோட்டார் சைக்கிள்களுக்கும் படகுகளுக்கும் தோட்டவேலை இயந்திரங்களுக்கும் அது கூடாது என்று பங்குகளில் அறிவிப்பு ஒட்டவேண்டும் என்பதும் விதியாயிற்று.

இனி நம் நாட்டின் பிற்கால வரலாற்றுக்கு வருவோம். 2003-ஆம் ஆண்டு ஜனவரியில் 9 மாநிலங்களிலும் 4 ஒன்றியப் பகுதிகளிலும் நூற்றுக்கு 5 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. கரும்பு விளைச்சலின் ஏற்றத்தாழ்வினால் அத்திட்டம் பல ஆண்டுகள் தள்ளாடி நடந்தது. 2018-ஆம் ஆண்டில் உயிரி எரிபொருள் பற்றிய தேசியக் கொள்கை வெளியாயிற்று. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கலப்பு நூற்றுக்கு 10 பங்கை எட்டியது. நூற்றுக்கு 20 பங்கு என்னும் இலக்குக்கு முதலில் 2030-ஆம் ஆண்டு குறிக்கப்பட்டிருந்தது; அது 2025-26-ஆம் ஆண்டுக்கு முன்னே கொண்டுவரப்பட்டது. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பெங்களூரில் நூற்றுக்கு 20 பங்கு கலந்த பெட்ரோல் வெளியிடப்பட்டு, 2025-ஆம் ஆண்டில் நாடெங்கும் அதுவே பரவிற்று.

இம்முறை கலத்தைப் பற்றிய ஆராய்ச்சி நடக்காமல் இல்லை. 2014-15-ஆம் ஆண்டில் இந்திய மோட்டார் ஆராய்ச்சிச் சங்கமும், இந்தியப் பெட்ரோலிய ஆராய்ச்சி நிலையமும், இந்தியன் ஆயில் நிறுவனமும் நூற்றுக்கு 20 பங்கு கலவையைச் சோதித்தன. உலோகங்களிலும் உலோகப் பூச்சுகளிலும் சொல்லத்தக்க கேடு தோன்றவில்லை. ரப்பர் வகைகளோ தூய பெட்ரோலில் இருந்ததைவிடத் தாழ்ந்த நிலையை அடைந்தன. நைலான் இனத்துப் பிளாஸ்டிக் ஒன்றின் இழுவலிமையும் குறைந்தது. இந்த முடிவுகளை நீதி ஆயோக் அமைப்பு 2021-ஆம் ஆண்டு ஜூனில் வெளியிட்ட திட்ட அறிக்கையில் காணலாம். தூய பெட்ரோலுக்கென வகுத்து 10 பங்குக்கு ஏற்பச் சீர்செய்த நான்கு சக்கர வண்டிகளில், 20 பங்கு கலவையால், எரிபொருள் சிக்கனம் நூற்றுக்கு 6 முதல் 7 வரையும், இரு சக்கர வண்டிகளில் 3 முதல் 4 வரையும் குறையக்கூடும் என்று அவ்வறிக்கை மதிப்பிட்டது. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் புதிய வண்டிகளின் உறுப்புகள் இக்கலவையைத் தாங்குவனவாக இருத்தல் வேண்டும். 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் இயந்திரமும் அதற்கெனவே சீர்செய்யப்பட்டிருத்தல் வேண்டும் என்று அது வழி காட்டிற்று. பழைய வண்டிகளுக்குக் காப்பாக, 10 பங்கு கலவை 2025-ஆம் ஆண்டு வரை தொடர்ந்து கிடைக்கவேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது.

காலவரிசை செம்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் நாட்டு வண்டிகளின் ஆயுள் நீண்டது. தந்தை வாங்கிய ஸ்கூட்டரை மகன் ஓட்டும் குடும்பங்கள் பல. 2023-ஆம் ஆண்டுக்கு முன் செய்த வண்டிகள் கோடிக்கணக்கில் சாலையில் இருக்கும்போது, பங்குகளில் ஒரே வகைப் பெட்ரோல்தான் கிடைக்கும் என்னும் நிலை 2025-ஆம் ஆண்டில் உண்டாயிற்று. மைலேஜ் குறைவதாகவும் உறுப்புகள் கெடுவதாகவும் அவ்வாண்டில் நாடெங்கும் குறைகள் எழுந்தன. சில பழைய வண்டிகளில் சில ரப்பர் உறுப்புகளையும் காஸ்கெட்டுகளையும் முன்னதாக மாற்றவேண்டி வரலாம், அது பெருஞ்செலவன்று, வழக்கமாகச் செய்யும் பராமரிப்பின்போதே மாற்றிக்கொள்ளலாம் என்று பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் தந்தது. எத்தனால் கலவாத பெட்ரோலும் கிடைக்கச் செய்யவேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது.

பெருஞ்செலவன்று என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அச்செலவு யாருடையது என்பதை நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும். எண்ணெய் இறக்குமதி குறைவதன் நன்மை நாட்டுக்கு; ஆல்கஹால் விற்பதன் நன்மை ஆலைக்கும், அதன் வழியே கரும்பு விளைப்பவர்க்கும். இவை நாட்டுக்கு வேண்டிய நன்மைகளே. ரப்பர் வளையம் வெடித்துப் பெட்ரோல் கசிவதன் இன்னல் மட்டும், பழைய வண்டியைத் தவிர வேறொன்றை வாங்க இயலாத பால்காரருக்கும் தபால் ஊழியருக்கும் சேருகிறது. சூடான இயந்திரத்தின் அருகே பெட்ரோல் கசிவது பணச்செலவோடு முடியும் செய்தியும் அன்று.

ஆகவே பழைய வண்டி வைத்திருப்போர் சிலவற்றை மனத்திற்கொள்ளுதல் நலம். குழாய்களும் வளையங்களும் உப்பியிருக்கின்றனவா, வெடித்திருக்கின்றனவா என்று பராமரிப்பின்போது பார்த்து, மாற்றும்போது எத்தனாலைத் தாங்கும் உறுப்பையே கேட்டு வாங்குதல் வேண்டும். தொட்டியில் பல்லாண்டாகப் படிந்த கசடை ஆல்கஹால் பெயர்த்துக் கொண்டுவரும். ஆதலால் புதிய எரிபொருளுக்கு மாறிய சின்னாட்களில் வடிகட்டி அடைபடக்கூடும். அதனை மாற்றினால் போதும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைக்க நேர்ந்தால், எரிபொருளை அதில் பழையதாக விடாதிருத்தல் நன்று. தொட்டி மூடி நன்கு பொருந்தி மழைநீர் புகாமல் இருக்கவேண்டும். இவற்றுள் எதற்கும் பெரிய நிபுணர் வேண்டியதில்லை. அறிவிப்பு மட்டும் வேண்டும்.

பாத்திரம் அறிந்து பிச்சை இடு என்பது நம் பழமொழி. கொடுப்பவனுக்குச் சொன்ன அந்தப் புத்தி, எரிபொருளை வகுக்கும் அரசாங்கங்களுக்கும் பொருந்தும் என்பதையே இந்த நூறாண்டு வரலாறு காட்டுகிறது. 1948-ஆம் ஆண்டில் நாம் 99.5 என்னும் எண்ணை எழுதி, ஊற்றும் பொருளின் தூய்மையைக் காத்தோம். பிரேஸில் நாட்டார் அரிப்பையும் நட்டத்தையும் கண்டபின், ஏற்கும் கலத்தையும் திருத்திக்கொண்டனர். அதன்பின்னரே மக்களின் நம்பிக்கை அவர்களுக்குக் கிட்டிற்று. எத்தனாலின் அளவை இன்னும் உயர்த்துவது பற்றிய பேச்சு நம் நாட்டில் எழுந்திருக்கும் இக்காலத்தில், எவ்வளவு ஊற்றலாம் என்னும் கேள்விக்கு முன்னால் எதில் ஊற்றுகிறோம் என்னும் கேள்வியை வைத்துக்கொள்வோமாக. சில ரூபாய் பெறும் ஒரு ரப்பர் வளையத்தை மறவாத திட்டமே, பல்லாயிரம் கோடி ரூபாய்த் திட்டமாக நிலைத்து நிற்கும்.